பேகம் இத்தா இருந்த கோடை

தேனியில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும் வழியில் ஒரு பறவைக் கடை இருக்கிறது. போன மாதம் அதன் முன்னால் நின்றுவிட்டேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்தக் கீச்சுச் சத்தம் காலைக் கட்டிப்போட்டுவிட்டது. பெரிய கூண்டு நிறைய லவ் பேர்ட்ஸ். மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை. ஒன்றே ஒன்று மட்டும் கொடுப்பீர்களா என்று கடைக்காரரிடம் கேட்டேன். ஒற்றையாகக் கொடுப்பதில்லை, ஜோடியைப் பிரித்தால் ஏங்கிச் செத்துப்போகும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனிதருக்குக் கோபம். கிழவி கேலி பண்ணுகிறாள் என்று நினைத்திருப்பார்.

அவரிடம் நின்று விளக்கிக்கொண்டிருந்தால் பஸ் போய்விடும். அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்களெல்லாம் என் வயசுக்காரர்கள். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே அவசரமில்லாமல் கேட்பீர்கள்.

அப்போது எங்கள் வீடு உத்தமபாளையத்தில், பள்ளிவாசலுக்குப் பின் தெருவில் இருந்தது. அத்தாவுக்குத் தேங்காய் வியாபாரம். எங்களில் அப்பாவை அத்தா என்போம், அத்தாவின் தங்கையைக் குப்பி என்போம், அத்தாவின் தம்பி சச்சா. இவ்வளவு தெரிந்தால் போதும். குப்பியைக் குமுளியில் கட்டிக்கொடுத்திருந்தது. மாமா அங்கே பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடைக்கடை வைத்திருந்தார். குடை, கம்பளி, டார்ச் லைட், மழைக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸ். ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்தக் கடையில்தான் வாங்குவார்கள். கடைக்கு மேலே ஓர் அறை, அதுதான் வீடு. பிள்ளை இல்லை. நான் ஐந்தாம் வகுப்புக்குப் போக வேண்டிய அந்த வருஷம், கோடை தொடங்கும்போது, மாமா நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

புருஷன் இறந்தால் எங்களில் பெண் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வெளியே போகக் கூடாது, நகை நட்டு போடக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. புருஷன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் கடைக்கு மேல் ஒற்றை அறையில் தன்னந்தனியாக எப்படி இருப்பது? அதனால் அத்தா போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஜீப்பிலிருந்து குப்பி இறங்கினார். வெள்ளைச் சேலை, ஒரு டிரங்குப் பெட்டி, துண்டு போட்டு மூடிய ஒரு கூண்டு. குப்பியைப் பார்த்து வீடே அழுதது. நான் கூண்டைப் பார்த்தேன். அந்த வயதில் வேறெதைப் பார்ப்பார்கள்?

துண்டை எடுத்ததும் உள்ளே இரண்டு பறவைகள். ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. பச்சை என்றால் கிளிப் பச்சை இல்லை, எலுமிச்சங்காய் பழுக்கத் தொடங்கும்போது வருமே, அந்தப் பச்சை. கழுத்திலும் முதுகிலும் கறுப்பு வரி. மாமா ஆசைப்பட்டு, குமுளியில் பக்கத்து வீட்டு மலையாள அம்மாவிடம் வாங்கி வளர்த்தவை. எங்கள் தெருவில் அதுவரை யாரும் அப்படிப்பட்ட பறவையை நேரில் பார்த்ததில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் பாதிப் பேர் கூண்டின் முன்னால் நின்றுவிட்டுத்தான் போனார்கள்.

சச்சா பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொன்னார். மஞ்சள் ஆண், பச்சை பெண். ஏனென்றால் மஞ்சள் துடுக்கு. விரலை நீட்டினால் கடிக்கும். தீனிக் கிண்ணத்தில் முதலில் அதுதான் உட்காரும். பச்சை கிட்டே வந்தால் கொத்தித் துரத்தும். பச்சையோ மூலையில் ஒதுங்கி, மஞ்சள் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, மிச்சத்தைக் கொறிக்கும். போதாததற்கு அதன் அலகுக்கு மேலே நீலமாக ஒரு புடைப்பு இருந்தது. "நீலக்கல் மூக்குத்தி போட்டிருக்கு பாருங்க மதினி" என்று அம்மாவிடம் காட்டினார் சச்சா. அதற்கப்புறம் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நான் அதற்குப் பேகம் என்று பெயர் வைத்தேன். மஞ்சளுக்குப் பெயர் வைக்க நேரம் கிடைக்கவில்லை.

வந்த வாரமே மஞ்சள் உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டது. வயிறு பெருத்திருந்தது. வாயுக்கோளாறு என்று முடிவு செய்து அம்மா ஓமத்தண்ணீர் காய்ச்சி, பஞ்சில் நனைத்து அதன் வாயில் சொட்டுவிட்டார். மறுநாள் காலையில் அது கால் இரண்டையும் நீட்டிக் கிடந்தது. மலைக் குளிரில் இருந்தது, கீழே வந்து வெயில் சேரவில்லை என்றார்கள். கொல்லையில் முருங்கைக்கு அடியில் சச்சா குழி தோண்டிப் புதைத்தார்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. எதிர்வீட்டு மாமி வந்து பார்த்துவிட்டு, இதன் பெயரே லவ் பேர்ட்ஸ், ஒன்று போனால் மற்றது இருக்காது என்றார். பால்காரர் சொன்னார். சச்சாவின் சிநேகிதர்கள் சொன்னார்கள். பள்ளிக்கூட டீச்சர்கூட அதையே சொன்னார். எல்லாரும் கூண்டை எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள், பிறகு குப்பி இருந்த அறைப் பக்கம் பார்த்து இன்னொரு தடவை உச்சுக் கொட்டுவார்கள். ஜீப்பிலிருந்து இறங்கிய நாளிலிருந்து எங்கள் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத குப்பி, அன்றைக்கு அத்தாவைப் பார்த்து, "இதும் போயிருமாண்ணே? அவுக ஆசையா வாங்குனதுண்ணே" என்று கேட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அத்தா வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

மாமாவின் கை பட்டதில் உயிரோடு மிச்சம் இருந்தது அந்தப் பச்சைப் பறவை ஒன்றுதான். அது பிழைத்தாக வேண்டும். அந்தக் கோடையில் வேறு எதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. குப்பிக்காக என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். எனக்கே வேண்டியிருந்தது. கிட்டே போனால் அது கண்ணை உருட்டி என்னைப் பார்ப்பது எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது.

இத்தா யோசனை எதிர்வீட்டு மாமியுடையது. விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "அதும் புருசன எழந்ததுதான? இவ ரூமுலயே அதையும் வையிங்க. வெளிச்சமும் சத்தமும் ஆகாது. ரெண்டும் ஒண்ணா இத்தா இருக்கட்டும்" என்றார். அம்மா சிரித்தார். ஆனால் சாயங்காலம் கூண்டு குப்பியின் அறைக்குள் போய்விட்டது. பழைய வெள்ளைத் துப்பட்டி ஒன்றை மடித்து அதன்மேல் போட்டார்கள். முன்பக்கம் மட்டும் கொஞ்சம் திறப்பு.

அந்த நாலு மாதமும் மாமி கறாராக இருந்தார். கரண்ட் ரீடிங் எடுக்க ஆள் வந்தால் குப்பியின் அறைக் கதவைச் சாத்துவார். சாத்திவிட்டு, மறுபடி திறந்து உள்ளே போய், கூண்டின் துணியையும் முழுசாக இழுத்துவிட்டு வருவார். அவர் கண்ணில் குப்பி படக் கூடாது, சரி. பேகமும் படக் கூடாதாம். சச்சா உள்ளே வரலாமா என்று ஒரு நாள் வாதம் நடந்தது. குப்பிக்கு அண்ணன் தம்பி வரலாம், பறவைக்கு அவர் யார் என்று அம்மா கேட்க, சச்சா நானும் அதுக்குத் தம்பிதான் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

இப்போது என் பேரன் போனில் பறவை பழக்குகிற வீடியோ காட்டுகிறான். அதில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? ஒற்றைப் பறவையாக இருக்க வேண்டும். அமைதியான அறையில், சுவரோரமாகக் கூண்டு இருக்க வேண்டும். மூன்று பக்கம் துணி போட்டு மூட வேண்டும். ஒரே ஆள் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேச வேண்டும். அடடா! இத்தனையும் எங்கள் மாமி இத்தா என்ற பெயரில் செய்துவைத்துவிட்டார். பறவை பழக்குகிறோம் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

எனக்கோ பொறுமை கிடையாது. முதல் நாளே கூண்டுக்குள் கையை விட்டுப் பிடித்தேன். ஆள்காட்டி விரலில் சதையைக் கவ்விவிட்டது. இத்தனூண்டு அலகு, என்ன வலி! அது அன்று முழுக்கக் கம்பியில் மோதிக்கொண்டே இருந்தது. இப்படிச் செய்தால் அது ஏக்கத்தில் சாகாது, பயத்தில்தான் சாகும் என்று அம்மா என்னை ஏசினார். அப்புறம் நான் பிடிக்கப் போகவில்லை. சும்மா பக்கத்தில் படுத்துக்கொள்வேன். பள்ளிக்கூட லீவு, வெளியே அனல். அந்த அறையின் சிமென்டுத் தரைதான் வீட்டிலேயே குளிர்ச்சி. குப்பி ஒரு மூலையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருப்பார். எதுவும் பேச மாட்டார். கேழ்வரகு கொடுத்துப் பார்த்தோம், அரிசிக் குருணை கொடுத்துப் பார்த்தோம், பேகம் வேண்டா வெறுப்பாகக் கொறித்தது. தினை இருந்தால் தின்னும் என்று குப்பி சொன்னார். சச்சா வியாபாரமாகக் கடமலைக்குண்டு சந்தைக்குப் போனபோது, வருசநாட்டுப் பக்கம் விளைந்த தினையை, கதிராகவே ஒரு கட்டு வாங்கி வந்தார். நரிவால் மாதிரி தொங்குகிற கதிர். அதைக் கண்டதும் பேகம் கம்பியில் தலைகீழாக நின்றது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை வாங்கிக் கம்பியில் கட்டினோம், அதில் அலகைத் தீட்டிக்கொள்ளும். செத்துப்போகப் போகிற பறவைக்கு இவ்வளவு பசி எதற்கு என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் தினமும் காலையில் துணியை விலக்குவதற்கு முன்னால், உள்ளே கீச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்ப்பேன்.

ஒரு மத்தியானம் தினைக்கதிரைக் கையில் பிடித்தபடி, கையைக் கூண்டுக்குள் விட்டுக்கொண்டு தரையில் படுத்திருந்தேன். அப்படியே தூங்கிவிட்டேன். விரலில் ஏதோ கூச்சம். எறும்பு என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால், பேகம் என் விரல்மேல் நின்று கதிரைப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கிறது. காலில் என்ன சூடு! அவ்வளவு சின்ன உடம்புக்குள் அத்தனை சூடு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. தலையைத் தூக்கிக் குப்பியைப் பார்த்தேன். அவர் மணி உருட்டுவதை நிறுத்திவிட்டு, அசையாதே என்று கையைக் காட்டினார். இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. கை மரத்துப்போய் விரலே இல்லாத மாதிரி ஆகும்வரை நான் அசையவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக நடந்தது. விரலிலிருந்து மணிக்கட்டு, மணிக்கட்டிலிருந்து தோள். கதவைச் சாத்திக்கொண்டு கூண்டைத் திறந்துவிட்டால் அறையை ஒரு சுற்றுச் சுற்றி என் தலையில் வந்து உட்காரும். சில நாள் குப்பியின் முக்காட்டுக்குள் நுழைந்துகொண்டு கீச்சுக் கீச்சென்று ஏதோ சொல்லும். குப்பி கூச்சத்தில் தோளைக் குறுக்கிக்கொள்வார்.

பேச வைக்க வேண்டும் என்பது என் அடுத்த ஆசை. ஸலாம் சொல்லக் கற்றுக்கொடுத்தேன். "ஸலாம் பேகம், ஸலாம்" என்று தொண்டை வற்றச் சொல்வேன். அது தலையைச் சாய்த்துக் கேட்கும், அவ்வளவுதான். எதிர்வீட்டு மாமி ஒரு துண்டு வசம்போடு வந்தார். குழந்தைக்குப் பேச்சு வர நாக்கில் தடவுவோமே, அதே வசம்பு. சுட்டு, உரைத்து, பறவையின் நாக்கில் தடவப் போனார். வசம்பு மாமியின் சேலையில் ஆனது, மாமியின் கட்டை விரலில் ரத்தம் வந்தது. புருஷன் செத்த துக்கத்தில் அது பேச்சை விட்டுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பள்ளிக்கூடம் திறந்து, மலைப் பக்கம் மேகம் இறங்கத் தொடங்கியிருந்த சமயம். ஒரு சாயங்காலம் நான் அறைத் திரைக்கு வெளியே புத்தகப் பையை இறக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே குப்பியின் குரல். யாரிடம் பேசுகிறார் என்று நின்று கேட்டேன். பேகத்திடம்தான். அங்கே மழை பிடித்திருக்கும், கம்பளி கேட்டு ஆட்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், கடை பூட்டிக் கிடக்கிறது, மேல் தட்டுக் கம்பளியில் பூச்சி விழுந்திருக்குமோ என்னமோ, கறுப்புக் குடை தீர்ந்து போயிருந்தது, கோட்டயத்துக்கு ஆள் அனுப்பிச் சரக்கு எடுத்திருக்க வேண்டும், இப்படிப் போய்க்கொண்டே இருந்தது. எங்களிடம் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத குப்பி! எனக்கு ஒரே ஆச்சரியம். பள்ளிக்கூடத்திலிருந்து நான் வரும்வரை பகல் பூராவும் இதுதான் நடந்திருக்கிறது. மாமா இருந்தபோதும் பாதிக் கடையைக் குப்பிதான் பார்த்திருக்கிறார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. யாரும் அவரிடம் கேட்டதுமில்லை.

நாங்கள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அது என்ன என்பதைப் பேகம் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை. நானும் குப்பியும் அறையில் இருந்தோம். "சாப்ட்டியா?" என்று ஒரு குரல். குப்பி நிமிர்ந்து பார்க்காமலே "ம்" என்றார். மறுபடி "சாப்ட்டியா?" என்று கேட்டது. "சாப்ட்டேன் மதினி" என்று திரும்பினார். வாசலில் யாரும் இல்லை. கூண்டின் மேல் பேகம் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. மூக்கடைத்த குழந்தை பேசுகிற மாதிரி ஒரு குரல். "சாப்ட்டியா? சாப்ட்டியா தாயி? சாப்ட்டியா?"

யோசித்துப் பாருங்கள். அத்தா காலையில் வெளியே போகும்போது திரைக்கு வெளியே நின்று சாப்ட்டியா தாயி என்பார். அம்மா கேட்பார். சச்சா கேட்பார். மாமி கேட்பார். ஆறுதல் சொல்ல வந்த சொந்தக்காரர்கள் என்ன பேசுவது என்று தெரியாமல் அதையே கேட்டுவிட்டு எழுந்து போவார்கள். பறவைக்குப் பாவம் வேறு என்ன பாடம் கிடைக்கும்? என் ஸலாமை அது மதிக்கவே இல்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனால் வீடே கூடி நின்று சிரித்தது, அத்தா மட்டும் லேசாக முகம் வாடிப்போய்ச் சிரித்தார்.

இத்தா முடிகிற நாள் வந்தது. அதிகாலையிலேயே குப்பி குளித்து, நீல நிறத்தில் புதுச்சேலை கட்டினார். வீட்டில் நெய்ச்சோறு, தால்ச்சா. கம்பத்திலிருந்து பெரியத்தா வந்திருந்தார். அத்தாவுக்கு மூத்தவர். குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். குமுளியிலிருந்து அந்தப் பக்கத்து வீட்டு மலையாள அம்மாவும் ஒரு பை நிறையப் பலாச்சுளை வறுவலோடு வந்துவிட்டார். குப்பி அவரைச் சேச்சி என்பார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள்.

சாப்பாடு முடிந்து டீ வந்தது. பெரியத்தா பேச்சைத் தொடங்கினார். கடையைக் காலி செய்து கொடுத்துவிடலாம், சரக்கை மொத்தமாக ஒருவருக்குத் தள்ளிவிடலாம், குப்பி இனி இங்கேயே இருக்கட்டும், அண்ணன் தம்பி மூன்று பேர் இருக்கும்போது சோற்றுக்கு என்ன குறை என்றார். எல்லாம் அன்பாகத்தான் சொன்னார். அத்தா சரி என்றார், சச்சா சரி என்றார். குப்பி தலையைக் குனிந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் திரைக்குப் பின்னால் கேட்டதெல்லாம் நினைவு வந்தது. பெரியவர்கள் பேசும்போது வாய் திறந்தால் முதுகில் விழும், அதனால் குப்பி வாய் திறக்க மாட்டாரா என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சேச்சி என் தோளில் இருந்த பேகத்தைக் கவனித்தார். அது எல்லாரையும் சாப்ட்டியா சாப்ட்டியா என்று விசாரித்துக்கொண்டிருந்தது. எங்கள் மாமி பெருமையாக, நாலு மாதமும் அதை இத்தா இருத்திக் காப்பாற்றிய கதையைச் சொன்னார். புருஷன் போன துக்கத்திலும் பேச்சு வந்துவிட்டது பாருங்கள் என்றார்.

சேச்சி எழுந்து கிட்டே வந்து பார்த்தார். "அய்யோ, இது ஆணாணல்லோ!" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவர் பேகத்தின் அலகுக்கு மேலிருந்த நீலத்தைத் தொட்டுக் காட்டி, நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண், இப்படி வாயாடுவதும் ஆண்தான் என்று தமிழும் மலையாளமுமாக விளக்கினார். செத்துப்போன மஞ்சள்தான் பெண். வயிறு பெருத்திருந்தது என்றால் முட்டை உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும் என்றார். அம்மா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். ஓமத்தண்ணீர் நினைவு வந்திருக்கும்.

சச்சாதான் முதலில் சிரித்தார். மூக்குத்தி என்று சொன்னவர் அவர்தானே. அப்புறம் ஆளாளுக்குச் சிரிப்பு. ஓர் ஆண்பிள்ளையை நாலு மாதம் முக்காடு போட்டு உட்கார வைத்திருக்கிறோம்! மாமிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இத்தா அறைக்குள் அந்நிய ஆண் இருந்திருக்கிறதே, இதைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்க வேண்டாமா என்று கவலைப்பட்டார்.

பெரியத்தா சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல மனதோடு சொன்னார். "அப்ப எதுக்கு இத ஒத்தையில போட்டு வாட்டுறீக? நாளைக்கே ஆளனுப்பி நல்ல ஜோடியா ஒண்ணு வாங்கிப் போடுங்க. பாவம்ல."

குப்பி டம்ளரைக் கீழே வைத்தார். சத்தமாக வைக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் திரும்பினார்கள்.

"பொட்டைன்னு நெனச்ச வரைக்கும் துணியப் போட்டு மூடி, ஏங்கிச் செத்துரும்னு சொன்னீக. ஆம்பளைன்னு தெரிஞ்சு இன்னும் டீகூட ஆறலண்ணே, அதுக்குள்ள ஜோடி வாங்கணுங்கிறீக."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்ணில் மட்டும் நீர் கட்டி நின்றது. பெரியத்தா அத்தாவைப் பார்த்தார். அத்தா தேங்காய் உரித்த கையின் காய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது சாகவும் இல்ல, ஜோடி வேணும்னு கேக்கவும் இல்ல. தின்னுச்சு, பேசுச்சு, நல்லாத்தான் இருக்கு. நான் குமுளிக்குப் போறேண்ணே. மழக்காலம் முடியிறதுக்குள்ள கடையத் தொறக்கணும்."

ஒரு பெண் தனியாக எப்படி என்று பெரியத்தா தொடங்கினார். சேச்சி குறுக்கே வந்து, ராத்திரித் துணைக்கு நான் இல்லையா, எத்தனை வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறேன் என்றார்.  அதற்குள் பேகம் என் தோளிலிருந்து பறந்து, நேரே பெரியத்தாவின் தொப்பியில் போய் உட்கார்ந்து, "சாப்ட்டியா?" என்றது. பெரியத்தா அசையாமல், கண்ணை மட்டும் மேலே தூக்கி, "சாப்ட்டேன்" என்றார். அப்புறம் வீடு சிரித்த சிரிப்பில் மாமிகூடச் சேர்ந்துகொண்டார்.

சரி என்று அன்றைக்கு யாரும் வாயால் சொல்லவில்லை. ஆனால் விடிந்ததும் அத்தா அம்மாவிடம், முதல் நாள் நானும் கூடப் போய்க் கடையைத் திறந்து கொடுத்துவிட்டு வருகிறேன் என்றார்.

எனக்கு வேறு கவலை. பேகம் போய்விடுமே! நியாயமாக அது குப்பியுடையது. அவர் டிரங்குப் பெட்டியை அடுக்கும்போது நான் கூண்டைக் கட்டிக்கொண்டு மூக்கை உறிஞ்சியபடி உட்கார்ந்திருந்தேன். குப்பி பார்த்துவிட்டு, "நீயே வச்சுக்க புள்ள. எனக்கு அங்கன பேசுறதுக்கு ஆளுக வருவாக" என்றார். நான் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

பேகம் எங்கள் வீட்டில் பல வருஷம் இருந்தது. ஆண் என்று தெரிந்தும் பெயரை மாற்றவில்லை, அதுவும் ஆட்சேபிக்கவில்லை. ஒற்றையாகவே இருந்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் சாப்ட்டியா என்று கேட்டு, எனக்குக் கல்யாணம் பேசத் தொடங்குகிற சமயத்தில் வயதாகித்தான் போனது. ஏங்கிப் போகவில்லை.

அதற்கெல்லாம் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குப்பி போய்க் கொஞ்ச நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை அத்தா என்னைக் குமுளிக்குக் கூட்டிப்போனார். பஸ் மலையேறும் வழி முழுக்க, பேகம் செய்த சேட்டைகளைக் குப்பியிடம் எந்த வரிசையில் சொல்வது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். இறங்கும்போது நல்ல சாரல். கடை வாசலில் ஒரே கூட்டம். தோட்டத்து ஆட்கள் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். உள்ளே குப்பி, கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு, ஒரு கையில் விரித்த குடை, ஒரு கையில் மடித்த குடை, ஒருவரிடம் தமிழ், ஒருவரிடம் மலையாளம். எங்களைப் பார்த்து முகம் மலர்ந்தது. ஆனால் அடுத்த நொடியே கூட்டத்துக்குத் திரும்பிவிட்டார். பேகம் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வந்ததே கோபம்!

அத்தா குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, உட்கார இடம் தேடினார். எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீரைக்கூட அவர் எழுந்து எடுத்ததில்லை, கைக்கு வர வேண்டும்.

"அண்ணே, உக்காராதீக" என்றார் குப்பி, திரும்பிப் பார்க்காமலே. "அந்த மேல் தட்டுல சாம்பக் கலர்க் கம்பளி இருக்கு பாருங்க. ரெண்டு எடுத்துக் குடுங்க. இவுக வண்டிக்கு நேரமாச்சாம்."

அத்தா என்னைப் பார்த்தார். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்டூலில் ஏறினார்.